நாலாவது போல்ட்டு

மூன்று போல்ட்டு கழன்று வந்துவிட்டன. நாலாவது மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை.

உள்ளே திருகு மரை தேய்ந்துபோய்விட்டது என்று அர்த்தம். என்ஜின் பிளாக்கிலேயே மரை போனால் துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, புஷ் வளையம் இறக்கித்தான் சரிசெய்ய வேண்டும். மந்தாரக்குப்பத்தில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்து என்ன பிரயோஜனம், பத்து மாதமாக என் ஷெட்டுக்கு சைக்கிளைத் தவிர எதுவும் வரவில்லை.

இன்றைக்கு வந்திருப்பது அந்தக் கார்.

பத்து மாதத்துக்கு முன் இதற்கு வாட்டர் பம்ப் மாற்றி, நாலு போல்ட்டு முடுக்கி அனுப்பியவன் நான். இருபதாம் நாள், வலி எடுத்த மனைவி ஆதிலட்சுமியை இதில் ஏற்றிக்கொண்டு கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான் குஞ்சிதபாதம். வண்டி அவன் சொந்த டாக்சி. குறிஞ்சிப்பாடிக்கு இந்தப் பக்கமே பம்ப் ஒழுகி, தண்ணீர் வற்றி, என்ஜின் கொதித்து நின்றுவிட்டது.

குழந்தை பின்சீட்டில் பிறந்தது. அவள் அங்கேயே போய்விட்டாள்.

மெக்கானிக் செல்வநாதன் முடுக்கிய லட்சணம் என்றது ஊர். எதிர் டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். குஞ்சிதபாதம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவான். என்ன பெருந்தன்மை என்று நினைப்பேன். அந்தப் பெருந்தன்மைதான் என்னைத் தின்றது. வந்து நாலு அறை விட்டிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

படுத்தால் கை தானாக முடுக்கும். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதை முடுக்கினேனா? உங்களுக்கும் மரை கழன்றுவிட்டது என்பாள் என் மனைவி மரியபுஷ்பம். சொல்லிவிட்டு அழுவாள்.

காலையில் அவனே ஆள் வைத்துக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தான். நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவர் விலைக்குக் கேட்கிறாராம், ஓட வைத்துக் கொடுக்க வேண்டுமாம். அவன் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு ஷெட் இருக்கிறது. அதைத் தாண்டி என்னிடம் ஏன் கொண்டுவந்தான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பின்சீட்டின் மேல் சாக்கு விரித்திருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று பயமாக இருந்தது.

இப்போது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான். நிலக்கரிச் சுரங்கத்தில் முதல் ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியாயிற்று. டீக்கடை பெஞ்சு முழுக்க ஆள், எல்லாருக்கும் கண் என் ஷெட்டின் மேல்.

நெம்பிக்கொண்டே சுற்றினேன். நாலாவது வெளியே வந்தது. மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினேன்.

நான் மாட்டுகிற போல்ட்டுத் தலையில் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி தட்டுவேன். என் வேலை என்று தெரியட்டும் என்கிற கர்வந்தான், வேறென்ன. மூன்றிலும் புள்ளி இருந்தது. நாலாவதில் இல்லை. அதன் தலையில் எட்டு என்ற எண்ணும் பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் எழுத்தும் இருந்தன.

சுரங்கத்து ஜெர்மன் மெஷின் போல்ட்டு.

எங்கள் ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. பழைய இரும்புக் கடையில் வாங்கிவந்து கொடிக்கயிறு கட்டச் சுவரில் பதித்திருப்பார்கள். பார்வைக்கு அதே கனம். ஆனால் அது மில்லிமீட்டர் மரை, காருடையது இஞ்சு மரை. மூன்று சுற்று கையாலேயே போகும், அப்புறம் அடம்பிடிக்கும். பலம் கொடுத்து முடுக்கினால் பிளாக்கின் மரையை மென்றுவிடும். எந்த மெக்கானிக்கும் இதைச் செய்யமாட்டான்.

என் கை இல்லை. நான் இல்லை.

பத்து மாதத்தில் முதல் முறையாக நெஞ்சு நிறைய மூச்சு வந்தது. போல்ட்டைத் தூக்கிக் காட்டி டீக்கடையைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் மரையில் சுற்றியிருந்த துணி கண்ணில் பட்டது. தளர்ந்த போல்ட்டு பிடித்து நிற்கட்டும் என்று யாரோ சுற்றியது. கழுவிய இடத்தில் நிறம் தெரிந்தது. மஞ்சள், நடுவே பச்சைக் கோடு. குறிஞ்சிப்பாடித் தறிச் சேலையின் கரை.

அந்தச் சேலையோடுதான் ஆதிலட்சுமியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முந்தானை ஓரத்தில் ஒரு விரல் அகலம் கிழிந்திருந்ததை நானும் பார்த்தேன். வலி தாங்காமல் அவளே கிழித்துக்கொண்டாள் என்று பெண்கள் அழுதார்கள்.

நான் கத்தவில்லை. போல்ட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன்.

பாவி குஞ்சிதபாதம், தெரியாமல் செய்திருக்கிறான். இது தெரிந்தால் உயிரோடு இருக்கமாட்டான். தோளில் அந்தப் பெண் குழந்தை எச்சில் வழிய என்னைப் பார்த்துச் சிரித்தது. பத்து மாதம் பழகிய பழி, மிச்ச ஆயுளுக்கும் பழகாதா?

"என் கைத் தப்புதான் குஞ்சிதபாதம்" என்றேன். டீக்கடை வரைக்கும் கேட்கும்படி சொன்னேன். "நான் போட்ட போல்ட்டுதான் மரையைத் தின்னுடுச்சு."



அவன் உள்ளே வந்தான். அறையட்டும் என்று முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவன் குழந்தையை என் இடது கையில் கொடுத்தான். வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். போல்ட்டைப் பார்க்கவில்லை, துணியைத்தான் தொட்டான்.

"மறைக்காதீங்கண்ணே. அன்னிக்குக் காலையில உங்க போல்ட்டைக் கழட்டித் தொலைச்சிட்டு, வீட்ல கெடந்த இதை முடுக்கினவன் நான்தான். இது உங்க கண்ணுல படட்டும்னுதான் உங்களாண்ட கொண்டாந்தேன்."

அவனும் டீக்கடைக்குக் கேட்கும்படிதான் சொன்னான்.

"சிரிச்சிக்கினேதாண்ணே கிழிச்சிக் குடுத்தா."