முப்பத்தொன்றாம் தேதிக்குள்

வாசலில் நோயாய்ப் படுத்திருந்த சடையனின் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள்: வட்டார வளர்ச்சி அலுவலர், ஓவர்சியர், ஊராட்சித் தலைவிக்குப் பதிலாக வந்திருந்த அவருடைய கணவர், கஞ்சிக் கிண்ணத்துடன் சடையனின் மருமகள் பொன்னாத்தா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புது எரிமேடை கட்டி எட்டு மாதம் ஆகியும் காலனியில் ஒரு சாவு விழவில்லை.

"எரிமேடைப் பதிவேட்டுல ஒரு பேராவது ஏறணும்மா," என்றார் அலுவலர். "அப்பத்தான் அங்க போற பாலத்துக்கு அனுமதி. இந்த முப்பத்தொண்ணு தாண்டுனா பாலம் வேற ஊருக்குப் போயிரும்."

"அதுக்கு எங்க மாமாவ எதுக்கு சார் வந்து பாக்குறீங்க?"

"சும்மா, உடம்பு எப்படி இருக்குன்னுதான்."

"பெருசு போன தையே தாண்டாதுன்னாங்க," என்றார் தலைவியின் கணவர். "நல்லா ஏமாத்திருச்சு."

ஓவர்சியர் சிரித்தார்.

மூன்று வருடத்துக்கு முன், அடைமழையில், சடையனின் மனைவியை மார்பளவு தண்ணீரில் அந்த வாய்க்கால் வழியாகத்தான் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள். நடுவில் பாடை சரிந்தது. உடல் மறுநாள்தான் கிடைத்தது.

சடையன் கண்ணைத் திறந்தார். "இன்னிக்குத் தேதி என்ன?"

"இருபத்திரண்டு," என்றார் ஓவர்சியர்.

சடையன் எழுந்து உட்கார்ந்தார். பொன்னாத்தா நீட்டிய கிண்ணத்தைக் கையால் தள்ளினார்.

"மாட்டுக்கு ஊத்தும்மா."

"ஏன் மாமா?"

அவர் கட்டிலை விட்டு இறங்கினார். சுவரைப் பிடித்தபடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.