உட்காருங்க சார்

மீட்டிங் அறையில் நான் மட்டும் சுவரோரம் நிற்கிறேன். என் காலி நாற்காலியில் ஜன்னல் வெயில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. "உக்காருங்க சார், கால் வலிக்கப்போகுது" என்கிறார் மேனேஜர். வலிப்பது காலாக இருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன். புதிதாகச் சேர்ந்த பெண் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் இழுக்கிறாள். அந்தக் கிரீச்சில் பல் கூசுகிறது. "பரவால்லம்மா, உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துரும்" என்கிறேன். சிரிக்கிறார்கள். கதவு திறக்கிறது. நடுவில் ஓட்டை வைத்த வட்ட மெத்தையை மார்போடு அணைத்தபடி வாட்ச்மேன் வருகிறார். "சார், வீட்டம்மா கேட்ல குடுத்துட்டுப் போனாங்க. மூலத்துக்கு இதுல உக்காந்தா வலி தெரியாதாம்." அதை என் நாற்காலியில் வைத்து, தட்டிச் சரிசெய்கிறார். இத்தனை நேரம் உட்காரச் சொல்லி உயிரை வாங்கியவர்களில் ஒருவரும் இப்போது வாயைத் திறக்கக் காணோம்.