வஞ்சிரம் போட்டோ

"வஞ்சிரம் வாட்ஸப்புல போவ மாட்டேங்குது தம்பி. காலையிலேர்ந்து கடியாரமே காட்டிகினு கீது."

வச்சலா தன் போனைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தாள். மீன் கூடையைக் கடை வாசலிலேயே இறக்கிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். அப்படியும் கலைவாணன் அவசரமாக முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டான். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மொபைல் கடை வைத்திருப்பவனுக்கு மீன் வாசனை ஆகாதாம்.

அவன் கண் தன் சொந்த போனில்தான் இருந்தது. அணுபுரம் குவார்ட்டர்ஸில் சங்கவி என்ற பெண்ணின் வீட்டுக்கு இவன் போட்டோ போய் மூன்று நாளாகிறது. "பையனைப் பத்தி விசாரிச்சிட்டுச் சொல்றோம்" என்றிருந்தாள் பெண்ணின் அம்மா சரோஜா. அந்த நம்பரை இவன் அதற்குள் 'அத்தை' என்று பதிந்தே விட்டான்.

ஏழு இடம் தட்டிப் போய், இது எட்டாவது. ஏன் தட்டிப் போகிறது என்று முப்பத்து மூன்று வயதிலும் அவனுக்கு விளங்கவில்லை. இந்த இடமும் போனால் இனி தரகர் தன் போனை எடுக்கவே மாட்டார் என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

அதனால் இந்த முறை முன்னேற்பாடு பலம். விசாரிக்க யார் வந்தாலும் என்ன சொல்ல வேண்டும் என்று டீக்கடைக்காரர், வீட்டு ஓனர், பக்கத்துச் சிற்பக் கடை எல்லப்பன் என்று எல்லாருக்கும் பாடம் எடுத்து வைத்திருந்தான். போட்டோவையும் சும்மா விடவில்லை. நிறத்தை இரண்டு படி ஏற்றி, நெற்றியில் இல்லாத முடியையும் நட்டிருந்தான்.

"யாருக்கும்மா அனுப்புறே?" என்றான், நிமிராமலே.

"கோட்ரஸ் அம்மாங்களுக்கு. படகு வந்ததும் மீன போட்டோ புடிச்சி அனுப்பிடுவேன். படத்துல எல்லா மீனும் பளபளன்னுதான் தெரியும் தம்பி. அதான் செவுளத் தூக்கியும் ஒரு போட்டோ கேப்பாங்க. அது செவப்பா இருந்தாத்தான் எடுத்தாந்து குடுன்னுவாங்க."

"மீனுக்கே ஸ்கேன் ரிப்போர்ட்டா? சரி, லாக்க எட்த்து குடு."

அவள் திரையைப் பார்க்காமலே விரலால் ஒரு கோடு இழுத்துத் திறந்து கொடுத்தாள். வாங்கின கணமே கலைவாணனுக்குத் தெரிந்துவிட்டது. மொபைல் டேட்டா ஆஃப். மேலிருந்து ஒரு இழு, ஒரு தட்டு, தீர்ந்தது வேலை. இதற்குப் போய்க் காசு கேட்டால் மனசாட்சி உறுத்தும். கலைவாணனுக்கு அந்தத் தொல்லை எப்போதுமே இருந்ததில்லை.

பின் மூடியைக் கழற்றினான். கண்ணில் லென்ஸை வைத்து உள்ளே பார்த்தான். பிரஷ்ஷால் தட்டினான், ஊதினான், உச்சுக் கொட்டினான்.

"போட்டோ ஐ.சி. எரிஞ்சி பூட்சும்மா." அந்தப் பெயரை அவன் அப்போதுதான் சூட்டினான். "மெசேஜ் போவும், போட்டோ போவாது. இனிமே இது தேறாது."

வச்சலா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ! என் பொழப்பே இதுலதான் ஓடுது. எதனா ஆஃப் ஆயிருக்கப் போவுது, நல்லா பாரு தம்பி."

"ரிப்பேரு நீ பாக்குறியா, நான் பாக்கட்டுமா?" அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. "கூட தூக்குற கைக்கு எதுக்கும்மா இம்மாம் பெரிய போனு? நெட்டுன்னா மீன் வலைன்னு நெனச்சிகினு வாங்கிட்டியா?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து முடித்துவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து முகமெல்லாம் கீறல் விழுந்த ஒரு பழைய போனை எடுத்து வைத்தான்.

"இத்த எடுத்துகினு போ. உனுக்காக நாலாயிரம். உன் டப்பாவ நானே வெச்சிக்கிறேன், குப்பைக்கும் ஆவாது."

அந்த டப்பா வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் துடைத்து, உறை மாட்டி, இதே கண்ணாடி அலமாரியில் பன்னிரண்டாயிரத்துக்கு உட்காரும் என்று அவன் மனசுக்குள் முடிவே கட்டியிருந்தான்.

"வேற வழியே இல்லியா தம்பி?"

"எங்கம்மா மேல சத்தியமா இல்ல."

வச்சலா தலையை ஆட்டிக்கொண்டாள். மூடியை வாங்கித் தானே பொருத்தினாள். விரலை முந்தானையில் துடைத்துவிட்டுத் திரையை மேலிருந்து இழுத்து ஒரே ஒரு தட்டு தட்டினாள். கடிகாரக் குறி மறைந்தது. ஒரு டிக் விழுந்தது, இரண்டு விழுந்தது, இரண்டும் நீலமாகவும் மாறின.

"நாந்தான் தம்பி பஸ்ஸுல வரசொல்லோ அணைச்சி வெச்சேன்," என்றாள், கோபமே இல்லாமல்.

கலைவாணனின் வாய் முகக்கவசத்துக்குள் திறந்து திறந்து மூடியது. அதற்குள் அவள் கையில் போன் அடித்தது. திரையில் 'சரோஜாம்மா கோட்ரஸ்' என்று இருந்தது. கீழே இருந்த நம்பர் அவனுக்கு மனப்பாடம்.

கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே வச்சலா பேசினாள்.

"வஞ்சிரம் எடுத்துக்கலாம்மா. மாப்ளதான், போட்டோலதான் பளபளன்னு கீறாரு... செவுளத் தூக்கிப் பாத்துட்டேன், வேணாம்."