பம்ப்பைப் போடுடா!

"டேய், பம்ப்பைப் போடுடா! பாத்துட்டே நிக்கிறியே!"

படகுத்துறைப் பலகையில் நின்று நோலீன் கத்தினாள். கீழே இறால் படகின் எஞ்சின் குழிக்குள் அவள் தம்பி டூகல் முழங்கால் தண்ணீரில் நின்று, வாளியால் மொண்டு பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தான். படகின் அடியில் எங்கோ கசிவு. போதாததற்கு டீசல் குழாயும் உடைந்திருந்தது. தண்ணீர் முழுக்க எண்ணெய் மினுங்கியது. நெடியில் தொண்டை கமறியது.

"மாட்டேன்க்கா. கடல் ஏறுற நேரம். இதை வெளியே விட்டா நேரா சிப்பிப் பண்ணைக்குத்தான் போகும்."

"போனாப் போகட்டும்!"

"மூணு வருஷமா வளர்ந்த சிப்பி. அடுத்த வாரம் எடுக்கணும். எண்ணெய் வாடை பட்டா ஒருத்தன் தொடுவானா?"

"சிப்பியை மறுபடி வளக்கலாம்டா. எஞ்சின் முங்கிட்டா? இந்தப் படகை விட்டா உனக்கு வேற என்ன இருக்கு?"

"எண்ணெய்த் தண்ணியை உறிஞ்சுற லாரி கிளம்பிடுச்சாம். படகு முழுகுறதுக்குள்ள வந்துடும்."

"படகு மிஞ்சும். எஞ்சின் மிஞ்சாது!"

சொல்லிக்கொண்டே அவள் படகுக்குள் குதித்தாள். ஓடிப்போய் பம்ப் சுவிட்சில் கை வைத்தாள். டூகல் எட்டி, வயரையே பிடுங்கி எறிந்தான்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"திட்டினது போதும். வாளியை எடு."

திட்டிக்கொண்டேதான் அவளும் மொண்டாள். இரண்டு வாளி மொள்வதும் சாலையை எட்டிப்பார்ப்பதுமாக இருந்தாள். லாரி வரவில்லை. பீப்பாய்கள் நிறைந்துவிட்டன. இனி ஊற்ற இடமில்லை. தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி, எஞ்சினை மூடியது. டூகல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒருவழியாக லாரி வந்தது. ஓட்டுநர் ஸ்டான் குழாயை இறக்கினார். ஒரு சொட்டுகூடக் கடலில் விழாமல், கறுப்புத் தண்ணீர் முழுவதும் லாரிக்குள் போனது. எஞ்சினைத் தட்டிப்பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது இனி உதவாதுப்பா. பம்ப்பைப் போட்டிருந்தா தப்பிச்சிருக்கும். அதோ தெரியுற சிப்பிப் பண்ணைக்காரன் உனக்கு மாலை போட்டுக் கும்பிடணும். யார் அந்த அதிர்ஷ்டக்காரன்?"

டூகல் கையைத் துடைத்தபடி, பலகையில் ஏறி உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்த நோலீன் பக்கம் முகவாயை நீட்டினான்.

"எங்க அக்காதான்."