முகம் மறைத்த வீடியோ

எதிர்ச் சாரியில் அந்த ஆள் இன்றைக்கும் வந்து நின்றுவிட்டான். இதோடு மூன்று நாள். டீச்சர் ஜன்னல் திரையை லேசாக விலக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடினார்.

அச்சகத்துக்கு மேலே ஒரே ஒரு அறை, பன்னிரண்டு நாற்காலி, மதியம் இரண்டு மணி நேரம். பிழைக்க வந்தவர்களுக்கு அந்த ஊர் மொழியைச் சொல்லித்தரும் வகுப்பு அது. டிரைவர், தையல்காரர், சலவைக்கடைக்காரர் என்று எல்லாரும் தப்புத்தப்பாகவாவது பேசித் தள்ளுவார்கள். கடைசி நாற்காலிப் பெண் மட்டும் வாயே திறக்கமாட்டாள். 'வாயில்லாப்பூச்சி' என்று டிரைவர் வைத்த பேர் அவளுக்கு நிலைத்துவிட்டது.

காரணம் டீச்சருக்கு மட்டும்தான் தெரியும். அடித்தே கொல்லப் பார்த்த புருஷனிடமிருந்து தப்பி வந்து ஒளிந்திருக்கிறாள் அவள்.

"நான் இங்க இருக்கறது அவருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே என் கதை முடிஞ்சுது டீச்சர்" என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தாள். உயிரே போனாலும் சொல்லமாட்டேன் என்று டீச்சரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

டீச்சருக்கு இருந்த ஒரே பைத்தியம், இணையத்தில் மொழி ஆசிரியர்கள் சேர்ந்து நடத்திய குழு. அவரவர் வகுப்பு வீடியோவைப் போடுவார்கள். எங்கே சொதப்பினோம், எப்படித் திருத்தலாம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். பயிற்சிக் கல்லூரியில் கற்றதைவிட அதில் கற்றதுதான் அதிகம் என்று டீச்சர் அடித்துச் சொல்வார்.

வீடியோ போடும்போதெல்லாம் மாணவர்களின் முகத்தை ஒன்றுவிடாமல் மறைத்துவிடுவார். அந்த விஷயத்தில் அவர் கறார். உச்சரிப்பைக் கேட்டால்தானே திருத்தம் சொல்ல முடியும் என்று குரலை மட்டும் விட்டுவைப்பார்.

இரண்டு மாதம் முன்பு வாயில்லாப்பூச்சி முதல்முறையாக நாலு வரி சேர்ந்தாற்போல் பேசினாள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை, அன்றைக்கே வீடியோவைப் போட்டார். குழுவுக்கு வெளியிலும் அது பரவி, பாராட்டு குவிந்தது.

அதைப் பார்த்துவிட்டுப் பழக்கமானவள்தான், குழுவில் 'மொழித்தோழி' என்ற பேரில் இருந்தவள். வேறு ஊரில் இதே வேலையாம். மற்றவர்கள் குரல் பதிவாக அனுப்பித் தள்ள, வகுப்பெடுத்துத் தொண்டை கட்டிப்போச்சு என்று இவள் எல்லாவற்றையும் எழுதியே அனுப்புவாள். அந்தப் பெண் இப்போது பேசுகிறாளா என்று மறக்காமல் விசாரிப்பாள். "என்னைவிட அவதான் உனக்கு ஒசத்தி" என்று டீச்சரின் வீட்டுக்காரர் கேலி செய்கிற அளவுக்கு நட்பு வளர்ந்துவிட்டது.

எதிர்ச் சாரி ஆளைப் பற்றி முதல் நாளே டீச்சர் அவளிடம்தான் கொட்டினார். அந்தப் பெண்ணின் கதையும், அச்சகம் இருக்கிற ஊரும் தெருவும் அப்போதுதான் வெளியே வந்தன. ஒரு டீச்சரின் கஷ்டம் இன்னொரு டீச்சருக்குத்தானே புரியும் என்று நினைத்துக்கொண்டார். அவசரப்பட வேண்டாம், இரண்டு நாள் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

இன்று வாயில்லாப்பூச்சியே திரை ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டாள். அந்த ஆள் தலைக்கவசத்தைக் கழற்றாமல் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உயரம் அவரு மாதிரிதான் டீச்சர் இருக்கு" என்றாள்.

டீச்சர் படபடப்போடு மொழித்தோழிக்கு எழுதினார். போலீசைக் கூப்பிடவா என்று கேட்டதற்கு, அவர்கள் வருவதற்குள் அவன் மாடியேறிவிடுவான் என்று பதில் வந்தது. கட்டடத்துக்குப் பின்வாசல் உண்டா என்று அடுத்த கேள்வி. அச்சகத்துக்குக் காகிதம் இறக்குகிற சந்து ஒன்று இருப்பதை டீச்சர் சொன்னார்.

அப்படியானால் பெண்ணை அந்த வழியாகத் தனியாக அனுப்பிவிட்டு, நீங்கள் முன்வாசலில் போய் அந்த ஆளைப் பேச்சில் பிடித்து வையுங்கள் என்றாள் மொழித்தோழி. எவ்வளவு தெளிவான மூளை என்று டீச்சருக்கு மனசுக்குள் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

பெண்ணைப் பின்படிக்கட்டில் இறக்கிவிட்டு, டீச்சர் சாலையைக் கடந்தார். அந்த ஆளின் முன்னால் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"யாருங்க நீங்க? மூணு நாளா இங்க என்ன வேலை?"

அவன் பதறிப்போய்த் தலைக்கவசத்தைக் கழற்றினான். நாற்பது வயசு இருக்கும், முகமெல்லாம் வியர்வை. பார்சல் கொண்டு கொடுக்கிறவனாம். வீட்டுக் கதவைத் தட்டினால் ஆட்கள் பேசுவது புரியவில்லை, வகுப்பில் சேர வேண்டும், இந்த வயசில் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது என்று குழறிக் குழறிச் சொன்னான்.

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாளையே வரச் சொல்லிவிட்டு, பயந்ததெல்லாம் வீண், இவன் வேறு ஆள் என்று மொழித்தோழிக்கு இரண்டு வரி தட்டினார். திரும்பி வந்துவிடு என்று சொல்ல வாயில்லாப்பூச்சிக்கு ஃபோன் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அதற்குள் மொழித்தோழியிடமிருந்து பதில் வந்தது. அதிசயமாகக் குரல் பதிவு. தொண்டை சரியாகிவிட்டது போல என்று நினைத்தபடி டீச்சர் அதைக் காதில் வைத்தார்.

கட்டையான ஆண் குரல் நிதானமாகப் பேசியது.

"ரொம்ப நன்றி டீச்சர், என் பொண்டாட்டி சந்துக்குத் தனியாத்தான் வந்தா."