உச்சிவேளைச் சட்டம்

கழுத்துப் புண் எரிய எரிய, உச்சி வெயிலில் வண்டி இழுத்துக்கொண்டிருந்தது செவலைக் காளை. வண்டியில் இருந்த அதிகாரி, மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை ஊர் ஊராகப் படித்துக்காட்டப் போகிறவர்.

நுகத்தடியில் வந்து உட்கார்ந்த காக்கை சொன்னது: "போன ஊர்ல இவர் படிச்சதைக் கேட்டேன். பன்னிரண்டு மணியிலேர்ந்து மூணு வரைக்கும் மாட்டை வண்டியில பூட்டக் கூடாதாம். அடிக்கவும் கூடாதாம்."

காளை அங்கேயே ஒரு புளியமர நிழலில் நின்றுவிட்டது.

"நேரமாச்சு, ரெண்டு போடுப்பா!" என்று கத்தினார் அதிகாரி.

வண்டிக்காரன் மாயாண்டி சாட்டையைக் கீழே வைத்தான். "ஐயா, அது குத்தம்னு நீங்கதானே படிச்சீங்க? நான் ஜெயிலுக்குப் போகவா?"

அதிகாரி வண்டியிலிருந்து இறங்கினார். நோட்டீஸ் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க நடந்தார்.

காளைக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம், இந்த வெயில்ல மனுஷனை மூட்டை சுமக்க விடலாமா? அவங்களுக்கும் ஒரு சட்டம் இருக்கான்னு விசாரியேன்" என்றது காக்கையிடம்.