மதி கேட்ட கார்டு

தெருவில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். ஒன்று பெரியது, அதன் குழாயோ சுண்டுவிரல் பருமன். இன்னொன்று அதில் பாதிதான். ஆனால் குழாய் கட்டைவிரலைவிடப் பருமன். எதன் கீழே வைத்த குடம் முதலில் நிறையும்? சொல்லுங்கள் பார்ப்போம்.

சரியாகச் சொல்லிவிட்டீர்கள். தண்டையார்பேட்டைக்காரர்கள் இதற்கு யோசிக்கவே மாட்டார்கள். ஆனால் அதே ஆட்கள் கம்ப்யூட்டர் மெக்கானிக் லியாகத் அலியிடம், திரையில் படம் ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வந்தால், பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்ததும் குழாயை மறந்துவிடுவார்கள்.

அன்று மதியின் வீட்டுக்கு இரண்டு கார்டுகளோடு போனபோதும் அவர் அந்த விடுகதையைத்தான் போட்டார்.

"சின்னத் தொட்டிதான் பாய்," என்றாள் மதி. ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள்.

"கரெக்டு. இப்ப இத்தப் பாரு. இதுல நூத்தி இருபத்தெட்டு எம்.பி. மெமரி. ஆனா டேட்டா போற வழி ஒடுக்கம். அதுல அறுபத்தி நாலுதான். வழி ரெண்டு மடங்கு அகலம். ரெண்டும் ஒரே வெல. எது ஓடும்?"

"அறுபத்தி நாலு."

"எங்க அக்கா பொண்ணு பாய். மூள எங்க சைடு," என்றான் தாய்மாமன் பக்தவச்சலம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கார்டு அவனுடைய பரிசு.

"ஆமா... மூக்கு மட்டும்... என்னுது," என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். மதியின் அப்பா வேம்பு. பதினெட்டு வருடம் குடோனில் மூட்டை தூக்கியவர். இப்போது நெஞ்சு கெட்டு, நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது.

ஒரே அறை வீடு. அம்மா அன்புக்கரசி எர்ணாவூரில் கம்பெனி வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். அதுவரை அப்பாவுக்கு மதி. மதிக்கு அந்தப் பழைய கம்ப்யூட்டர். அதில் அவள் ஒரு துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தாள்: கிரேன், கப்பல், பெட்டிகள், எல்லாம் அசைகிற மாதிரி. கோடை விடுமுறை முடிவதற்குள் போட்டிக்கு அனுப்ப வேண்டும். முதல் பரிசு, ஒரு வருட அனிமேஷன் படிப்பு இலவசம்.

லியாகத் அலி முதலில் அறுபத்து நாலைப் பொருத்தினார். அதன் தலையில் இருந்த சின்ன விசிறி 'கீ...' என்று சுழன்றது. திரையில் கிரேன் பெட்டியைத் தூக்கியது. கப்பல் வழுக்கிக்கொண்டு போனது. நொடிக்கு நாற்பத்தொரு படம்.

"நம்ம கிரேன்கூட இப்டி ஓடாது மதி," என்றான் மாமன்.

மதி சிரித்தாள். பிறகு திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி கட்டிலைப் பார்த்தாள். எழுந்து போய் அப்பா பக்கத்தில் நின்றுவிட்டு வந்தாள்.

'புள்ளைக்குக் கவனமே இல்லையே' என்று நினைத்துக்கொண்டார் லியாகத் அலி.

"பாய், இத்த எடுத்துட்டு அத்தப் போடுங்க."

அதற்கு விசிறி கிடையாது. வெறும் அலுமினியத் தகடுதான். நொடிக்குப் பத்தொன்பது படம். கப்பல் நொண்டியது.

"பாத்தியா? இது வேணும்னா கப்பல எடுத்துட்டு கிரேன மட்டும் வெச்சிக்கணும்," என்றார்.

மதி திரையைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு முதுகைக் காட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"இதுவே இருக்கட்டும் பாய்."

"இன்னா மதி இது? ஒரு மாசமா வேகமா ஓடுறதுதான் வேணும்னு என் உசுர வாங்கிகினு இருந்த?" என்றான் பக்தவச்சலம்.

மதி விசிறி வைத்த கார்டை லியாகத் அலி பக்கம் நகர்த்தி வைத்தாள்.

லியாகத் அலிக்குச் சலிப்பாக இருந்தது. விடுகதைக்கு எல்லாரும் சரியாகத்தான் பதில் சொல்கிறார்கள். கையில் எடுக்கும்போதுதான் பெரிய எண் கண்ணைக் கட்டிவிடுகிறது. அவர் குனிந்து திருகாணியை முடுக்கினார்.

அப்போதுதான் அது அவர் காதில் விழுந்தது. பின்னாலிருந்து, ஊசி முனை போல ஒரு சன்னமான விசில். வேம்புவின் மூச்சு. வந்ததிலிருந்து அது இருந்திருக்க வேண்டும். அறுபத்து நாலு ஓடியபோது, அந்த விசிறிச் சத்தத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

விசில் நின்றது.

லியாகத் அலி தலையைத் தூக்குவதற்குள் மதி கட்டிலில் இருந்தாள். அப்பாவைத் தோளில் சாய்த்து நிமிர்த்தினாள். மருந்துப் பம்பை அவர் வாயில் வைத்து அழுத்தினாள். முதுகைத் தடவிக்கொண்டே உதட்டுக்குள் பத்து வரை எண்ணினாள். விசில் மறுபடி வந்தது. தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பக்தவச்சலம் அப்போதும் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

விசிறியைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா? பத்து நிமிடத்தில் கார்டு கருகிவிடும். லியாகத் அலி வேகமான கார்டை எடுத்து மெல்லப் பெட்டிக்குள் வைத்தார்.

"கடைசியா கேக்குறேன் மதி," என்றான் மாமன். "எதுக்கு இந்த நொண்டிக் கார்டு?"

"நூத்தி இருபத்தெட்டுதான மாமா பெருசு," என்றாள் மதி.

கட்டிலில் வேம்பு விட்டுவிட்டுச் சிரித்தார். "நம்பரப் பாத்து... ஏமாந்துட்டா மச்சான்... கொழந்ததான..."

மாமனும் சிரித்தான்.

மதி நூற்று இருபத்தெட்டையே எடுத்துக்கொண்டாள்.